பத்துக்குப் பத்து அறையில் மிக்ஸிங்: ஹெட்போனா, ஸ்பீக்கரா?

செம்பூர்க் கஞ்சிரா:

வணக்கம். மும்பை செம்பூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு. அந்தப் படுக்கையறையின் ஒரு பகுதிதான் என் ஒலிக்கூடம். பத்தடிக்குப் பத்தடி, உயரம் ஒன்பதரை அடி. ஒரு பக்கம் இரும்பு அலமாரி, எதிர்ப்பக்கம் கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் ஹார்பர் லைன் ரயில் பாதை. சுவருக்கு அந்தப்புறம் கைக்குழந்தை உள்ள குடும்பம். நல்ல மனிதர்கள். அந்த நல்ல குணத்துக்கு எல்லை எது என்று சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பகலில் வங்கி வேலை என்பதால் மிக்ஸிங் (பதிவான தடங்களை அளவு பார்த்துச் சேர்ப்பது) எல்லாம் இரவு பத்துக்குப் பிறகுதான். குரல், வயலின், மிருதங்கம், தம்பூரா என்று பெரும்பாலும் நண்பர்களின் கச்சேரிப் பதிவுகள். எப்போதாவது பேஸ் கிதார் சேர்ந்த மெல்லிசை. கையில் இருப்பது காதை முழுவதும் மூடும் பழைய ஹெட்போன். அதில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே பாட்டை நண்பரின் காரில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (கீழ்நாதம் தரும் இடப்பக்கம்) மட்டும் தனியாகக் குமுறுகிறது. கைப்பேசியில் போட்டால் தொப்பியே இல்லை.

40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குவதா, நல்ல ஹெட்போன் வாங்குவதா? மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

ஸ்பீக்கர். யோசிக்க என்ன இருக்கிறது?

பாட்டைக் கேட்பவர்கள் காற்றின் வழியாகத்தான் கேட்கிறார்கள். 1978-இல் வந்த யமஹா என்எஸ்-10 வீட்டு ஸ்பீக்கராக எடுபடவில்லை. ஆனால் 2001-இல் உற்பத்தி நிற்கும்வரை உலகெங்கும் மிக்ஸிங் மேசைகளின் மேல் அதுதான் உட்கார்ந்திருந்தது. அழகாக ஒலித்ததற்காக இல்லை. அதில் நன்றாகக் கேட்கும்படி செய்துவிட்டால் வேறு எதிலும் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கைக்காக. ஹெட்போனில் மிக்ஸ் செய்தவன் தலைக்குள் பாடகியை உட்கார வைத்துவிட்டு, வெளியே அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் தவிப்பான்.

மாட்டுங்கா மாமி:

டோம்பிவிலித் தம்பி, இரவு பத்துக்குப் பிறகு என்று அவர் எழுதியதை நீங்கள் படிக்கவே இல்லை. எங்கள் சொசைட்டியில் பத்து மணிக்கு மேல் மிக்ஸி ஓடினால் செயலாளர் இன்டர்காமில் வந்துவிடுவார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து முதல் காலை ஆறு. சொசைட்டிக் குழுவில் இருந்தவள் என்பதால் இந்த எண்கள் எனக்கு மனப்பாடம். கணபதி வருகிற நாட்களில் மட்டும் இவை யாருக்கும் நினைவிருப்பதில்லை.

நானும் பாட்டு வகுப்புப் பதிவுகளை வீட்டில்தான் சரிசெய்கிறேன். ஹெட்போனில்தான். யாரும் இதுவரை தலைக்குள் உட்காரவில்லை.

அந்தேரி இரவுப்பணி:

டப்பிங் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிழைப்பே ஸ்பீக்கர் முன்னால்தான். இருந்தாலும் கஞ்சிராவின் அறைக்கு ஸ்பீக்கரைச் சொல்ல மாட்டேன். காரணம் ஸ்பீக்கர் இல்லை, அறை.

மும்பை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறை ஒத்ததிர்கிறது. 349-ஐ 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். நீளத்துக்கும் 57, அகலத்துக்கும் 57, ஒன்பதரை அடி உயரத்துக்கு 60. நீளமும் அகலமும் உயரமும் வெவ்வேறாக இருந்தால் இந்த ஒத்ததிர்வுகள் பரவி நிற்கும். உயரமும் கிட்டத்தட்ட அதே அளவாக உள்ள உங்கள் சதுர அறையில் மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. அடுத்த குவியல் 114 முதல் 120 வரை. சிறிய அறைகளிலேயே மோசமான வடிவம் இது. அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கட்டியவர் தேர்ந்தெடுத்தார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். யாரிடமாவது ஒரு ஜோடி மானிட்டரை இரவல் வாங்கி, ஞாயிறு பகலில் 57 ஹெர்ட்ஸ் தொனியை மிதமான அளவில் ஒலிக்க விடுங்கள். நாற்காலியை அறையின் நடுவில் போட்டு உட்காருங்கள். பிறகு எழுந்து சுவரோரம் போங்கள். நடந்ததை இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று. குறைந்த அளவில் கேட்கும்போது காது கீழ்நாதத்தைத்தான் முதலில் கைவிடுகிறது. பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். குழந்தை தூங்க வேண்டும் என்று ஸ்பீக்கரை அடக்கி வைத்தால் தொப்பி கேட்காது. கேட்கவில்லையே என்று ஏற்றுவீர்கள். காரில் குமுறும்.

ஆனால் உங்களுக்கு ஹெட்போனிலேயே அது நடக்கிறது. அதற்குக் காரணம் அநேகமாக மூக்குக்கண்ணாடிதான். மூடிய ஹெட்போனின் கீழ்நாதம், காதைச் சுற்றிய மெத்தை இடைவெளியின்றி ஒட்டியிருப்பதை நம்பி இருக்கிறது. கண்ணாடியின் கம்பி மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் அது கசிந்துவிடும். ஒரு பாட்டைப் போட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

தாராவித் தாளம்:

நான் ராப் பாடல்களுக்குத் தாளம் அமைப்பவன். பறை, தவில் மாதிரிகளுக்கு அடியில் நீண்டு இழுபடும் 808 பேஸ் (808 என்ற தாள இயந்திரத்தின் ஆழ்ந்த ஓசை). அது பெரும்பாலும் 40, 50 ஹெர்ட்ஸில்தான் உட்கார்ந்திருக்கும். ஐந்து அங்குல மானிட்டரான யமஹா எச்எஸ்5-இன் விவரத் தாளைப் பாருங்கள்: 54 ஹெர்ட்ஸிலேயே 10 டெசிபல் இறங்கிவிட்டது என்று அவர்களே நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். ஐந்து அங்குலத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. என் தொழிலுக்கு வேண்டிய ஓசையே அதில் இல்லை என்றால் அது என் மேசையில் ஏன் இருக்க வேண்டும்? ஸ்பீக்கரை விற்றுவிட்டேன். எங்கள் சந்தில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டின் சுவரும். ஹெட்போனிலேயே முடித்து, கடைசியில் நண்பனின் டெம்போவில் போட்டுப் பார்ப்பேன். டெம்போக்காரன் முகம் சுளித்தால் திரும்பப் போய்த் திருத்துவேன்.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

டெம்போவில் இருப்பது ஸ்பீக்கர்தானே? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மாமிக்கும் அந்தேரிக்கும் என் பதில். இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கு மட்டும் போவதில்லை; வலது காதுக்கும் கால் மில்லி விநாடி தாமதமாகப் போய்ச் சேர்கிறது. வலதுக்கும் அப்படியே. நடுவில் வைத்த குரல் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருவதால், இந்தத் தாமதத்தால் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. ஸ்பீக்கரில் மிக்ஸ் செய்பவன் அந்தப் பள்ளத்தோடுதான் குரலைக் கேட்கிறான், அதற்கேற்ப நிறுத்துகிறான். ஹெட்போனில் பள்ளமே கிடையாது. சொற்கள் பளிச்சென்று விழுகின்றன, போதும் என்று குரலைப் பின்னால் வைத்துவிடுவீர்கள். வரவேற்பறை ஸ்பீக்கரில் கேட்டால் வயலின் குரலின் தோளில் ஏறி நிற்கும்.

இடம் வலம் பிரிப்பதும் அப்படித்தான். ஹெட்போனில் முழு இடது என்றால் ஒரு காதுக்கு மட்டுமே கேட்கும். அது கூச்சமாக இருப்பதால் எல்லோரும் நடுவுக்கு நகர்த்துகிறார்கள். பிறகு ஸ்பீக்கரில் போட்டால் மேடையே ஒடுங்கி, வயலினும் மிருதங்கமும் பாடகரின் மடியில் உட்கார்ந்திருக்கும்.

மாட்டுங்கா மாமி:

பள்ளம், மடி எல்லாம் சரி. 45 டெசிபலுக்கு என்ன பதில்?

செம்பூர்க் கஞ்சிரா:

அலுவலக நண்பர் ஒருவர் தம் மானிட்டர்களை ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். சோதனை செய்தேன்.

57 ஹெர்ட்ஸ். நாற்காலி அறையின் நடுவில். ஸ்பீக்கரின் பின்புறத் துளையில் கையை வைத்தால் காற்று வந்து மோதுகிறது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் காதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தொனி ஓடுகிறதா என்று இரண்டு முறை திரையைப் பார்த்தேன். எழுந்து அலமாரி மூலைக்குப் போனால் வயிற்றில் உணரும் அளவுக்கு ஒலி. அலமாரிக் கதவு கிடுகிடுவென்று நடுங்குகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவில் நான்கைந்து அடிதான்.

பிறகு 114-க்கு மாற்றினேன். எல்லாம் தலைகீழ். நடுவில் உட்கார்ந்தால் காது அடைக்கிறது, இரண்டரை அடி தள்ளிப் போனால் அடங்குகிறது.

அடுத்து மிருதங்கப் பதிவு. தொப்பியில் கும்கி கொடுக்கும் இடங்களைக் கவனித்தேன். நாதம் கீழிருந்து மேலே வழுக்கும்போது வழியில் ஓரிடத்தில் மட்டும் வீங்குகிறது. வாசித்தவர் அப்படி வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தவன் நான். இந்த அறையில் ஸ்பீக்கரை நம்பி ஈக்வலைசரைத் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) தொட்டிருந்தால், அறையைத் திருத்துவதாக நினைத்து வித்வானைத் திருத்தியிருப்பேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹெட்போனைப் போட்டேன். தொப்பி சட்டென்று கூடிவிட்டது. கையால் மெத்தையை லேசாக அழுத்தினால் இன்னும் கூடுகிறது.

பக்கத்து வீட்டு அம்மா, தண்ணீர் மோட்டாரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

அந்தேரி இரவுப்பணி:

அழகான சோதனை. நடுவில் 57 மறைந்து 114 வீங்குவது கணக்குப்படியே வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் அறையின் ஒலியைத் திருத்தும் மென்பொருளை வாங்கப் போகிறார்கள். அளவெடுக்க ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அளவெடுங்கள், நல்லது. ஆனால் மேட்டைத்தான் ஈக்வலைசர் கொண்டு குறைக்க முடியும். பள்ளத்தை நிரப்ப முடியாது. 57-ஐ 10 டெசிபல் ஏற்றினால், அதை அழிக்கும் எதிரொலியும் அதே 10 டெசிபல் ஏறும். நாற்காலியில் இருக்கும் உங்களுக்குப் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், அலமாரிக் கதவுதான் கழன்று விழும்.

டோம்பிவிலி சொன்ன 2 கிலோஹெர்ட்ஸ் விஷயம் உண்மை. அதற்கு ஹெட்போன் ஒலியை எதிர்க்காதுக்கும் சிறிது கலந்துவிடும் கிராஸ்ஃபீட் மென்பொருட்கள் உண்டு. சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தலைக்குள் இருந்த பாடகி தலைக்கு ஒரு சாண் முன்னால் வருவாள், அவ்வளவுதான். அதைவிடத் தெரிந்த பதிவு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து, குரல் எங்கே நிற்கிறது என்று மாற்றி மாற்றிக் கேட்பது பயன்படும். ஒரே அளவு என்பது முக்கியம். சத்தமாக இருப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும்.

முலுண்ட் மிருதங்கம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தொப்பி என்றதும் சும்மா இருக்க முடியவில்லை.

வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தில், கரணை என்ற கருப்புப் பூச்சு இருப்பதால் அதன் மேலோசைகள் அடிநாதத்தின் முழு எண் மடங்குகளாக அமைகின்றன. சி.வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதி, 1934-இல் விரிவாக ஆராய்ந்து சொன்ன விஷயம். அதனால்தான் அடிநாதத்தையே எழுப்ப முடியாத கைப்பேசியிலும் வலந்தலையின் சுருதி விளங்குகிறது; மேலோசைகளை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்கிறது. தொப்பிக்கு அந்த வசதி இல்லை. ரவையைப் பிசைந்து ஒட்டி நாதத்தைக் கீழே இறக்குகிறோம். மேலோசை மிகக் குறைவு. சிறிய ஒலிபெருக்கியில் அடிநாதம் போனால் எல்லாம் போயிற்று. ஆகவே கஞ்சிரா, கைப்பேசிக்காகத் தொப்பியின் கீழ்நாதத்தை ஏற்றாதீர்கள். அங்கே அது எப்படியும் வராது, காரில்தான் குமுறும். உள்ளங்கை தோலில் விழும் அந்த அறையோசை இருக்கும் நடுப்பகுதியைச் சற்றே தூக்குங்கள். அல்லது தொப்பித் தடத்துக்கு மட்டும் மெல்லிய சாச்சுரேஷன், அதாவது லேசான ஒலிச்சிதைவு, கொடுங்கள். இல்லாத மேலோசைகள் பிறக்கும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்தீர்களா? தொப்பியை இடப்பக்கமும் வலந்தலையை வலப்பக்கமும் பிரித்திருக்கிறீர்களா?

செம்பூர்க் கஞ்சிரா:

ஆமாம் ஐயா, இரண்டு மைக். நன்றாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

முலுண்ட் மிருதங்கம்:

அப்படியானால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டுவிட்டு, ஒரு மைக்கின் பொலாரிட்டியைத் திருப்பி (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்) மறுபடியும் கேளுங்கள். எதில் தொப்பி நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் இடக்காதும் வலக்காதும் காற்றில் சந்திப்பதே இல்லை. இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் டோம்பிவிலிக்காரர் பக்கம் நான்.

செம்பூர்க் கஞ்சிரா:

திருப்பினேன். தொப்பி வந்துவிட்டது!

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

நன்றி முலுண்ட் ஐயா. இனி என் கட்சிக்கு ஓர் ஓட்டு உண்டு.

சரி, பெரிய ஜோடி வேண்டாம். சிறியதாக ஒரே ஒரு ஸ்பீக்கராவது வாங்குங்கள். ஆரட்டோன் 5சி என்ற சின்னச் சதுரப் பெட்டியை அந்தக் காலத்தில் இதற்காகத்தான் பெரிய கூடங்களிலும் வைத்திருந்தார்கள். ஒரே கூம்பு, கீழ்நாதம் கிடையாது, மோனோ. குரலும் வயலினும் மோதுகின்றனவா என்று அதில் உடனே தெரியும். கீழ்நாதம் இல்லாததால் உங்கள் 57 ஹெர்ட்ஸும் எழும்பாது, குழந்தையும் எழும்பாது.

அந்தேரி இரவுப்பணி:

இதில் டோம்பிவிலியோடு முழு உடன்பாடு. ஆரட்டோனே வேண்டும் என்றில்லை. ஒற்றைக் கூம்புள்ள எந்த நல்ல சிறிய பெட்டியும் போதும். கை நீட்டும் தூரத்தில், பேசும் அளவுக்கு மட்டும் ஒலிக்க விடுங்கள். குரலின் அளவை அதில் முடிவு செய்யுங்கள். தொப்பி, பேஸ், தம்பூரா, ரிவெர்ப் (சேர்க்கும் எதிரொலிப்பு) எல்லாவற்றையும் ஹெட்போனில்.

ஹெட்போன் திறந்த வகையாக, அதாவது காதுக்கோப்பையின் வெளிப்புறம் மூடாததாக, இருக்கட்டும். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை 1997 முதல் இன்றுவரை விற்பனையில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. குரல் பகுதி நிதானமாக இருக்கும். கண்ணாடிக் கம்பியால் வரும் கசிவும் மூடிய வகையில் படுத்தும் அளவுக்கு இதில் படுத்தாது. ஆனால் மிக ஆழமான கீழ்நாதம் இதில் சரிந்துவிடும். தாராவித் தாளத்தின் 808-க்கு இதைச் சொல்ல மாட்டேன். 300 ஓம் மின்தடை என்பதால் உங்கள் இன்டர்ஃபேஸ் (கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இருக்கும் ஒலிப்பெட்டி) போதுமான அளவுக்கு ஒலி கொடுக்கிறதா என்று கடையில் செருகிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு போனால் இன்டர்ஃபேஸையும் மடிக்கணினியையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாட்டுங்கா மாமி:

திறந்த வகை என்றால் வெளிச்சத்தம் உள்ளே வரும்தானே? செம்பூரில் மே மாதம் மின்விசிறி இல்லாமல் யார் உட்காருவார்கள்? என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. விசிறி ஓடினால் தம்பூராவின் ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) தரும் ரீங்காரமே கேட்பதில்லை.

அந்தேரி இரவுப்பணி:

சரியான கேள்வி மாமி. விசிறி ஓடும்போது நுணுக்கமான எதையும் முடிவு செய்யாதீர்கள். வெட்டி ஒட்டுவது, மூச்சொலியை எடுப்பது, தடங்களின் அளவை வரைவது எல்லாம் விசிறியோடு செய்யலாம். ரிவெர்ப்பின் வால் எவ்வளவு நேரம் நீள்கிறது, தம்பூரா எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் விசிறியை நிறுத்தி, கடைசி ரயில் போன பிறகு பத்து நிமிடம் கேட்டால் போதும்.

முக்கியமாக, விசிறிச் சத்தத்தை அமுக்க ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் வரம்பு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-க்கு வந்தால் ஒரு மணி நேரம்தான்.

தாராவித் தாளம்:

என் காதில் இரவு முழுவதும் விசில் அடித்த நாட்கள் உண்டு. அந்தேரி அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

செம்பூர்க் கஞ்சிரா:

முடிவு செய்துவிட்டேன். திறந்த ஹெட்போன் ஒன்று, ஒற்றைச் சிறிய ஸ்பீக்கர் ஒன்று. மீதி இருந்தால் அறை மூலைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். கடைக்காரர் முட்டை அட்டை மாதிரி இருக்கும் ஒரு அங்குல ஸ்பாஞ்சைக் காட்டினார். வாங்கலாமா? போன மழைக்காலத்தில் ஜன்னல் சுவர் முழுவதும் பூசணம் பிடித்தது, அந்தக் கவலையும் இருக்கிறது.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

அறையைச் சரிசெய்த பிறகு ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு இடம் விட்டு வையுங்கள். நான் இன்னும் தோற்கவில்லை.

அந்தேரி இரவுப்பணி:

ஒரு அங்குல ஸ்பாஞ்ச் வேண்டாம். கைதட்டினால் வரும் சலசலப்பை மட்டும் அது உறிஞ்சும். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீட்டருக்கு மேல்; அதன் முன்னால் ஒரு அங்குலம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கட்டடப் பொருள் விற்பவர்களிடம் ராக்வூல் (கல்லிழை) பலகை கேளுங்கள். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 100 மில்லிமீட்டர் தடிமன். மரச்சட்டம் போட்டுத் துணி சுற்றி மூலைகளில் நிறுத்துங்கள். துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். போகாத துணி உதவாது. இதுவும் 57-ஐ அடக்கிவிடாது, 114-இன் வீக்கத்தைத்தான் ஓரளவு குறைக்கும்.

பூசணத்துக்கு: ஜன்னல் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள். மற்றச் சுவர்களிலும் பலகைக்குப் பின்னால் நான்கு அங்குலம் இடைவெளி விடுங்கள். காற்று ஓடும், ஒலியும் கூடுதலாக உறிஞ்சப்படும். கீழே தரையைத் தொடாமல் இரண்டு செங்கல் மேல் நிறுத்துங்கள். மழை விட்ட நாளில் வெளியே எடுத்துக் காய வைக்க வசதியாக, ஆணி அடிக்காமல் சும்மா சாய்த்து வைப்பது நல்லது.

ராக்வூலை வெட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். படுக்கையறையில் வைத்து வெட்டாதீர்கள், தூள் மெத்தையில் இறங்கும். செயலாளரிடம் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

மாட்டுங்கா மாமி:

எழுத்தில் சொல்ல வேண்டும். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.